கிணற்று மூலைச் சத்தம்

ஓட்டைக்குள் விட்ட சுட்டுவிரலை ராக்கியண்ணன் வெளியே எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை. மேல்பக்கம் விரலுக்கு வழவழவென்று சரியாகத்தான் பட்டது, கீழே போகப் போக வளைவு கெட்டு, நிறுத்தி வைத்த கோழிமுட்டை மாதிரி நீண்டுவிட்டிருந்தது. கண்ணால் பார்த்திருந்தால் இவ்வளவு தெரிந்திருக்காது என்று நினைத்தார், நினைத்ததில் சின்னதாக ஒரு பெருமை வந்தது, கண் போனவனுக்குக் கிடைக்கிற பெருமை இந்த லட்சணத்தில்தான் இருக்கும் என்று அதை உடனே தட்டியும் வைத்தார். டிராக்டரின் பின்பக்கம், சீட்டுக்குக் கீழே, இரண்டு இரும்புக் கைகள் நீட்டிக்கொண்டு நிற்கும். லிப்ட் ஆர்ம் என்பார்கள். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஓர் ஓட்டை, ஓட்டையில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு பின், அந்தப் பின்னில் தொங்குகிற தண்டுதான் கலப்பையைத் தூக்கவும் இறக்கவும் செய்யும். வலது கையின் பின் ஆடிக்கொண்டிருந்தது. இன்று நேற்றல்ல, இரண்டு வருசமாக ஆடியது. ஆடி ஆடித்தான் ஓட்டை முட்டையானது. கழற்றிப் போட்ட பழைய பின் சாக்கின் மேல் கிடந்தது, அதையும் தடவிப் பார்த்தார், நடுவில் இடுப்பு சிறுத்துப் போயிருந்தது. சரக்கு தேய்ந்ததில் குற்றமில்லை, எத்தனை மழைக்கு உழுதது, எத்தனை முறை தூக்கி எத்தனை முறை இறக்கியது. தேய விட்டவனைத்தான் கேட்க வேண்டும். அந்த நினைப்பு வந்ததும் விரலை எடுத்துவிட்டார். நேற்று இப்படித்தான் செருப்பின் வெட்டுக்குள் விரலை விட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

செருப்பு வள்ளாத்தாளுடையது. முந்தாநாள் மேட்டாங்காட்டை உழப் போனவள், கலப்பைக் கொழுவில் ஒரு கொடி சுற்றிக்கொண்டதென்று, கலப்பையைத் தூக்கி நிறுத்திவிட்டு இறங்கிப் போய்க் காலால் அதைத் தள்ளியிருக்கிறாள். தூக்கின கலப்பைக்கு அடியில் காலைக் கொண்டுபோகாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார். பின் கழலாமல் நுனியில் பிடித்திருந்த கிளிப் ஆடி ஆடி நைந்துபோயிருந்தது, அந்த நேரம் பார்த்துத் தெறித்தது, பின் நழுவியது, ஒன்பது கொத்துக் கலப்பையின் வலது பக்கம் முழுக்க மடாரென்று இறங்கியது. கொழு மண்ணில் ஒரு சாண் புதைந்து நின்றது. அதற்கும் அவள் கால்விரலுக்கும் நடுவில் இருந்தது செருப்பின் முன்விளிம்பு மட்டும்தான், அது வெட்டுப்பட்டுப் போனது. பின்னைத் திரும்பச் செருகி, கம்பியால் கட்டி, வண்டியை மெல்ல வீட்டுக்குக் கொண்டுவந்தவள், செருப்பைக் கையில் தொங்கவிட்டபடி வாசலில் வந்து நின்று, "புதுச் செருப்புங்க, போன சந்தைல எடுத்தது, போச்சு" என்றாள். சிரித்தாள் வேறு. அவளுக்குச் செருப்புக் கவலை. அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. செருப்பை வாங்கிப் பார்த்தார், பார்த்தார் என்றால் தடவினார், வெட்டு அரிவாளால் சீவியது போல நேராக இருந்தது. இன்னும் ஒரு விரற்கடை உள்ளே வந்திருந்தால் என்று நினைத்தார், அதற்கு மேல் நினைப்பு போகவில்லை. போக மாட்டேனென்று நின்றுகொண்டது. திரும்ப முதலிலிருந்து, கொடி, கால், கிளிப், செருப்பு என்று சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது. நேற்று முழுக்க மழைத் தூறல். இன்று வெயில் வந்துவிட்டது. காட்டில் ஈரம் சரியான பதத்தில் இருக்கிறது, இன்று உழுது சோளம் விதைக்காவிட்டால் மேல்மண் இறுகிவிடும், மாடுகளுக்குத் தின்னச் சோளத்தட்டு இருக்காது. அதனால் காலையிலேயே தார்ப்பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த வேகத்துக்குக் கை ஓடவில்லை என்பது வேறு விஷயம்.

கை ஓடாததற்குக் காரணம் இருந்தது, வெளியே சொல்ல முடியாத காரணம். அந்தப் பின் ஆடுகிற சத்தம் அவருக்கு வேண்டியிருந்தது. கலப்பை மண்ணுக்குள் இருக்கும்போது எல்லாம் இழுபட்டு விறைப்பாக நிற்கும், சத்தமே வராது. சால் முடிந்து, திருப்பத்தில் கலப்பையைத் தூக்கும்போதுதான், தளர்ந்த பின் ஓட்டைக்குள் ஏறி விழுந்து டொக்கென்று ஒரு சத்தம் போடும், வண்டி திரும்பி முடிக்கிறவரை கடகடவென்று தொணதொணக்கும். வேப்பமரத்துப் பக்கத் திருப்பத்தில் ஒரு டொக். எதிர்முனையில் கிணற்று மூலையில் ஒரு டொக். வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார்ந்திருக்கும் அவருக்கு இந்தப் பக்கத் திருப்பம் கண்ணுக்கே தெரியும், தெரியும் என்றால் சிவப்பாக ஒன்று வந்து வளைந்து போவது தெரியும். அந்தப் பக்கம் எல்லாம் மோரில் முக்கி எடுத்தது மாதிரிதான். சர்க்கரையில் கண்ணின் நரம்பு கெட்டுவிட்டது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், போனது வராது என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். கிணறோ திறந்த கிணறு. காட்டுக்கோடியில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது, தண்ணீர் வற்றிப் பல வருசம், ஆழம் மட்டும் வற்றவில்லை. கைப்பிடிச் சுவரில் பாதி எப்போதோ ஒரு மழைக்குச் சரிந்துபோனது. முள்வேலி போட்டார், டிராக்டர் முள்ளுக்கா நிற்கும். கிணற்றைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு ஓட்டு என்றால் வள்ளாத்தாள் கேட்கிற ஜாதியில்லை, விட்ட இடமெல்லாம் கோரை வந்துவிடும் என்பாள், ஓரத்தை வழித்துத்தான் ஓட்டுவாள். இஞ்சின் சத்தம் கேட்கிறதே, அது போதாதா என்று யாராவது கேட்கலாம். இஞ்சின் சத்தத்தில் என்ன இருக்கிறது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், கிணற்றுக்குள் விழுகிற வரைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். டொக் என்று வந்தால்தான் அவள் கலப்பையைத் தூக்கிவிட்டாள், திருப்பிவிட்டாள், இந்தப் பக்கம் முகம் வைத்துவிட்டாள் என்று அர்த்தம். அந்தச் சத்தம் வருகிறவரை அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பார், வந்ததும் விடுவார். இரண்டு வருசமாக உழவு என்றால் அவருக்கு இந்த மூச்சு வாங்கல்தான்.

"ஏனுங்க, பிரிட்ஜுக்குள்ள மாவுக்குப் பக்கத்துல என்னமோ இரும்பு இருக்குதே, அது உங்குளுதுங்களா?" என்று சமையற்கட்டிலிருந்து வள்ளாத்தாளின் குரல் வந்தது.

"ஐஸ் வெக்கிற எடத்துல வெச்சனே, அதா? அதத்தான் எடுத்துட்டு வரச் சொல்லோணும்னு இருந்தன். துணில புடிச்சு எடு புள்ள, வெறுங்கைல எடுத்தா ஒட்டிக்கும்."

"மாவுக்கு இன்னி கிரீஸ் வாசந்தான் வரப்போகுது. இட்டிலி தின்னுபோட்டு நானும் டொக்கு டொக்குன்னு சத்தம் போடறன்."

அவர் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் சிரிப்பு ஒரு மாதிரியாகப் போனது. டொக்கு டொக்கு என்று அவள் ஏன் சொன்னாள். சும்மா சொல்லியிருப்பாள். பின் ஆடினால் டொக்கு டொக்குத்தானே, வேறு எப்படிச் சொல்லுவாள். அதற்குள் அவள் வந்துவிட்டாள், சேலைக்கு மேலே அவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, உழவுக்குப் புறப்பட்ட கோலத்தில். இந்தச் சட்டையில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குள் ஏதோ இளகும். கல்யாணத்தன்று பட்டுச்சேலையில் பார்த்தபோதுகூட இப்படி இருந்ததில்லை, அன்று பயமாகத்தான் இருந்தது, இவ்வளவு அழகான பெண் நம்மோடு எத்தனை நாளைக்கு ஒத்துப்போவாளோ என்று. நீலக்கோடு போட்ட சட்டை, மகள் கல்யாணத்துக்கு எடுத்தது, கோடு இப்போது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆனால் கோடு இருக்கிறதென்று தெரியும். துணியில் சுற்றியிருந்த புஷ்ஷை அவர் கையில் வைத்தாள். மோதிரத்தை நீட்டிவிட்டாற்போன்ற இரும்புக் குழல். ஓட்டைக்குள் இதை அடித்து இறக்கிவிட்டால் ஓட்டை மறுபடி வட்டமாகிவிடும், இதற்குள் புதுப் பின் கனகச்சிதமாகப் போகும். முன்னொரு காலத்தில் ஓட்டையைக் கடைந்து இதே மாதிரி ஒரு புஷ் போட்டிருந்ததால்தான் இப்போது வேலை சுலபம், பழசைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுசை இறக்க வேண்டியதுதான். ராத்திரி முழுக்க ஐஸில் கிடந்தால் இரும்பு ஒரு மயிரிழை சுருங்கும், சுருங்கினபோது அடித்தால் வழுக்கிக்கொண்டு போகும், பிறகு வெயிலில் விரிந்து பிடித்துக்கொள்ளும் என்று வெள்ளகோவில் லேத்துப் பட்டறை ஜக்கரியா சொல்லியிருந்தார். எப்போது சொன்னார் என்பதில்தான் சங்கதி இருந்தது.

போன வருசம் ஆடி மாசமே சொல்லியிருந்தார். புஷ்ஷும் பின்னும் அப்போதே கடைந்து வாங்கியாயிற்று. அன்று மாத்திரை வாங்கப் போகிறேன் என்று பஸ் ஏறிப் போனவர், மடியில் கட்டிக்கொண்டு வந்து, கிரீஸ் தடவி, பழைய வேட்டித் துணியில் சுற்றி, கொட்டகைப் பரண் மேல் விதைச் சொப்புகளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். மறுநாள் மாட்டிவிடலாம் என்றுதான் வைத்தார். மறுநாள் வள்ளாத்தாள் உழப் போனாள், அவர் கல்லில் போய் உட்கார்ந்தார், கிணற்று மூலையிலிருந்து டொக் வந்தது, மூச்சு விட்டார், சரி நாளைக்குப் பார்த்துக்கொள்வோம் என்று தோன்றியது. அந்த நாளைக்கு இப்போதுதான் விடிந்திருக்கிறது. நடுவில் அவள் கேட்காமல் இல்லை, பின்னு ஆடுதுங்களே, பட்டறைக்குச் சொல்லி உடுங்களே என்று கேட்டாள். அவரும் வாய் கூசாமல் சொல்லிக்கொண்டு வந்தார், ஜக்கரியா ஊரில் இல்லை, கரண்டு இல்லை, நோன்பு, தீபாவளி கழியட்டும், பொங்கல் கழியட்டும். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அடுத்ததைத் தேட அவருக்கு நேரமே எடுக்கவில்லை, கண் மங்க மங்க வாய் கூர்மையாகிவிட்டது போலிருக்கிறது. அவள் விழுந்துவிடக் கூடாதே என்று எதைக் காதில் வைத்துக் காத்தாரோ, அதுவே அவள் காலில் இறங்கப் பார்த்தது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். சொன்னால் வள்ளாத்தாள் சிரிக்க மாட்டாள், அதுதான் பயம், சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விடுவாள், சோறு போடும்போது தட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

பழைய புஷ்ஷைத் தட்ட ஆரம்பித்தார். மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தும் அசையவில்லை. ஒரு பக்கமாக உளியை வைத்து அடித்தார், அடிக்கிற இடத்தை இடது கையால் தொட்டுப் பார்த்து, கையை எடுத்துக்கொண்டு அடித்தார், மறுபடி தொட்டார். எல்லாவற்றுக்கும் ஒரு முறைக்கு இரண்டு முறை தொட வேண்டியிருக்கிறது. முன்னெல்லாம் இந்த வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டே பிரித்து மாட்டுவேன் என்று ஊருக்குள் பீற்றிக்கொண்டவர்தான், வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. கடைசியாக வண்டி ஓட்டின அன்றைக்கும் அப்படித்தான், தெரிகிறது தெரிகிறது என்று ஓட்டிக்கொண்டிருந்தார். சாயங்கால வெயில் எதிரே அடித்தது. கிணற்று மூலை இன்னும் தூரம் இருக்கிறதென்று நினைத்துத்தான் ஓட்டினார், மண் நிறமும் கிணற்றின் நிறமும் ஒன்றாகவே இருந்தது. வள்ளாத்தாள் கத்தியது இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை, அவள் ஓடி வந்து பக்கவாட்டில் மண்ணாங்கட்டியை எடுத்து முதுகிலேயே எறிந்தாள், வலித்தது, வலித்ததனால் பிரேக்கை மிதித்தார். முன்சக்கரம் ஒன்று வெட்டவெளியில் சுற்றிக்கொண்டிருந்தது. சரிந்த கற்கள் உள்ளே போய் விழுகிற சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது, அடியில் போய்ச் சேர நேரமாயிற்று. அவள் ஏறி வந்து சாவியைத் திருகி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள், அவர் கையைப் பிடித்து இறக்கினாள், வீடு வரைக்கும் அந்தக் கையை விடவில்லை. காட்டில் வேலை செய்கிற பெண்கள் பார்க்கிறார்கள் என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது, அந்தக் கூச்சத்தை நினைத்தால் இப்போதும் சந்தோசமாக இருக்கிறது. சாவி அன்றிலிருந்து அவள் இடுப்பில்தான் இருக்கிறது. உளி சறுக்கி, பழைய புஷ் கிரீச்சென்று ஒரு சத்தத்தோடு வெளியே வந்து விழுந்தது.

குளிர் போகாமல் துணிக்குள்ளேயே வைத்திருந்த புதுசை ஓட்டையின் வாயில் வைத்து, நீளமான போல்ட் ஒன்றை உள்ளே விட்டு, இரண்டு பக்கமும் வாஷர் போட்டு நட்டை இறுக்கினார். சுத்தியலால் அடித்தால் கோணிக்கொள்ளும், இப்படி இழுத்தால் நேராகப் போகும். ஸ்பேனரை ஒவ்வொரு திருகு திருகும்போதும் குழல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவது கைக்குத் தெரிந்தது. ஜக்கரியா சொன்னது சரிதான், வழுக்கிக்கொண்டு போனது. வள்ளாத்தாள் டிராக்டர் கற்றுக்கொண்டதும் இப்படித்தான். பெரிய ரகளையாக இருக்கும் என்று நினைத்திருந்தார், பேரன் பேத்தி எடுத்தவள் போய் ஸ்டீரிங் பிடிப்பதாவது என்று ஊரும் நினைத்தது. மாட்டு வண்டி ஓட்டினவளுங்க நானு, இது மாடு மாதிரி மொரண்டு புடிக்காதுல்ல என்று ஏறி உட்கார்ந்தாள். கிளச்சை விட்ட வேகத்தில் வண்டி குதித்து அவள் தலைத்துண்டு பறந்து வைக்கோல் போரில் விழுந்தது. பக்கத்தில் மட்கார்டில் உட்கார்ந்திருந்த அவர், மெதுவாக விடு, மெதுவாக விடு என்று கத்திக்கொண்டே அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். கற்றுக்கொடுக்கிறவர் பிடித்துக்கொண்டது அப்படி. அதன் பிறகு அவள் அவரை ஏற்றிக்கொள்ளவில்லை. பக்கத்தில் ஆள் உட்கார்ந்தால் சால் கோணுகிறது என்றாள். கோணாத சாலுக்கு அவள் பேர் போனவள்தான், ஆனால் அது காரணமில்லை என்று அவருக்குத் தெரியும், மட்கார்டிலிருந்து அவர் சறுக்கி விழுந்துவிடுவாரோ என்ற பயம். ஆக அவளுக்கும் ஒரு பயம் இருந்தது. அவள் பயத்துக்கு அவரைக் கல்லில் உட்கார வைத்தாள், அவர் பயத்துக்கு எங்கே உட்காருவது என்று யாரும் கேட்கவில்லை.

"புஷ்ஷு ஏறிருச்சு," என்றார். "இனி பின்னு போடோணும். அந்தக் கடப்பாரைய எடுத்து ஆர்முக்கு அடில குடுத்து, சித்த தூக்கிப் புடி."

வள்ளாத்தாள் கடப்பாரையைக் கொடுத்து அதன்மேல் தன் கனத்தைப் போட்டாள். இரும்புக் கை மெல்ல மேலே வந்தது. தண்டின் ஓட்டையும் கையின் ஓட்டையும் நேருக்கு நேர் வந்தால்தான் பின் போகும். இரண்டும் சேர்ந்துவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கக் கூடாது, கடப்பாரை வழுக்கினால் விரல் போய்விடும் என்று எல்லா மெக்கானிக்கும் சொல்வான். கண் இருக்கிறவன் அதன்படி நடக்கலாம். ராக்கியண்ணன் சுண்டுவிரலை விட்டார்.

"வெரல எடுங்க."

"நீ புடிச்சிருக்கீல்ல. கொஞ்சம் ஏத்து. இன்னுங் கொஞ்சம். போதும், அப்பிடியே நில்லு."

"வெரல எடுங்கன்னு சொல்றனுங்க. கடப்பாரை வழுக்குதுங்க."

எடுத்துவிட்டுப் பின்னை வைத்துத் தள்ளினார். போயிற்று. தட்டக்கூட வேண்டியிருக்கவில்லை, கிரீஸின் வழுவழுப்பில் நெய்க்குள் விரல் போவது போலப் போய் நின்றது. நுனியில் புதுக் கிளிப்பை மாட்டினார், அதற்கும் மேலே பாதுகாப்புக்கு ஒரு கம்பி முறுக்கினார். இரும்புக் கையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசைவே இல்லை. சத்தமும் இல்லை. மறுபடி ஆட்டினார், ஏதாவது ஒரு சின்ன ஆட்டம், நகம் அளவுக்கு, மிச்சம் இருந்துவிடாதா என்று ஒரு ஆசை வந்தது, வந்த ஆசையைச் செருப்பால் அடிக்க வேண்டும், அதுவும் அந்த வெட்டுப்பட்ட செருப்பால் என்று திட்டிக்கொண்டார்.

"நல்லாத்தான் கடஞ்சிருக்காரு பாயி," என்றாள் வள்ளாத்தாள், கடப்பாரையை ஓரமாக வைத்தபடி. "ஒரு வருசம் பரண்ல கெடந்தும் துரு ஏறுல பாருங்க."

ராக்கியண்ணன் கம்பியின் முறுக்கை விட்டுவிட்டார். கண் தெரியாவிட்டாலும் அவள் முகம் இருக்கிற இடத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

"எப்பப் பாத்த?"

"போன வருசம் தட்டப்பயிறு வெதைக்கு ஏறுனப்ப. சொப்ப நகத்துனன், பொட்டணம் வந்துச்சு. பிரிச்சுப் பாத்துட்டுத் திருப்பிக் கட்டி வெச்சுட்டன்."

"அப்பறம் எதுக்குப் புள்ள பட்டறைக்குச் சொல்லி உடு, சொல்லி உடுன்னு என்னைய நொச்சு பண்ணிட்டிருந்த?"

"கேக்காம இருந்தா எனக்குத் தெரியும்னு நீங்க கண்டுக்குவீங்க. அதுக்குத்தான் மாசம் ஒருக்கா கேட்டு வெச்சன்." அவள் துண்டை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஒவ்வொருக்கா அந்த மூலைல கலப்பையத் தூக்கும்போதும், வேப்பமரத்தடில உங்க தலை எம்பக்கம் திரும்பும். அங்க இருந்தே தெரியும் எனக்கு. திரும்புற வரைக்கும் கல்லுமாதிரி உக்காந்திருப்பீங்க, சத்தங் கேட்டதும் திரும்புவீங்க. அதப் பாத்துட்டு எப்பிடிங்க பின்ன மாத்துன்னு நெசமா கேக்கறது."

 இந்த மனுசி மேல் எனக்கு இருக்கிற பிரியத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்று நினைத்தார், வைக்க இடமில்லாமல் ஸ்பேனரை எடுத்துத் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார். இருவரும் ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் ஒரே பின்னைத் தேய விட்டிருக்கிறார்கள். யோசித்தால் கோபப்பட வேண்டும், உன் கால் போயிருக்குமே என்று கத்த வேண்டும். கத்துகிற யோக்கியதை தனக்கு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார், பரண்மேல் சொப்புக்குப் பின்னால்கூட இல்லை.

"இனிமேத்து சத்தம் வராது," என்றார் கடைசியில்.

"வராதுங்க."

"கெணத்தோரமா கொஞ்சம் எடம் உட்டு ஓட்டு."

"கோரை வந்துரும்," என்றாள். பிறகு, குனிந்து சாக்கின் மேலிருந்து எதையோ எடுத்தாள்.

"அது பழைய பின்னு. அத எதுக்கு எடுக்கற?"

"இருக்கட்டுங்க. கொட்டாய்க் கதவுக்கு அடை குடுக்க ஆகும்."

இடுப்பிலிருந்து சாவியை எடுக்கிற சத்தம் கேட்டது. வண்டி உறுமிக் கிளம்பியது. அவர் கோலை ஊன்றிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்க் கல்லில் உட்கார்ந்தார். மண் வாசம் வந்தது, டீசல் வாசமும் வேப்பம்பூ இல்லாத வேம்பின் கசப்பு வாசமும் கலந்து வந்தது. முதல் சாலில் கலப்பை இறங்கியது, சிவப்பாக ஒன்று அவரைத் தாண்டிப் போய், கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, அந்த மோருக்குள் கலந்தது. இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது பாதி தூரம் போயிருப்பாள். இப்போது பாறை மேட்டைத் தாண்டியிருப்பாள். இஞ்சின் ஒரே மாதிரிதான் கேட்கிறது. அன்று முன்சக்கரம் சுற்றினபோதும் இதே மாதிரிதான் கேட்டிருக்கும், கல்லில் யாராவது உட்கார்ந்திருந்தால் உழுதுகொண்டிருக்கிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள். மழையில் சுவர் இன்னும் கொஞ்சம் சரிந்திருந்தால் என்ன செய்வது, நேற்றுத் தூறலில் விளிம்பு மண் இளகியிருக்கும், போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொல்லவே இல்லையே, பின்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டேனே. அவளுக்குத் தெரியாதா. தெரியும். எனக்குந்தான் தெரிந்திருந்தது அன்றைக்கு, பிறந்ததிலிருந்து பார்க்கிற கிணறு. மண்ணாங்கட்டி எறிய நான் அங்கே இல்லை. இருந்தாலும் குறி தப்பும். மூச்சை இழுத்துப் பிடித்தார், பழக்கம், பிடித்த மூச்சை எப்போது விடுவது என்று தெரியவில்லை, இரண்டு வருசமாக அதைச் சொல்லிக்கொண்டிருந்த சத்தத்தைத் தன் கையாலேயே திருகி இறுக்கிக் கம்பி போட்டுக் கட்டிவிட்டு வந்திருக்கிறார். ஓட்டை வட்டமாகிவிட்டது, பின் அசையாது, கலப்பை அவள் காலில் விழாது. அது போதும். அது போதும் என்று இன்னொரு முறை சொல்லிக்கொண்டார். செருப்பு ஞாபகம் வந்தது. போதும்தான். வலி போல ஒன்று நெஞ்சில் ஏறியது, மூச்சைப் பிடித்ததனால் இருக்கும். எழுந்து நடக்கலாமா. நடந்தால் உழுத மண்ணில் கோல் புதையும், விழுவார், அவள் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வருவாள், திட்டுவாள். வந்தால் நல்லதுதான். எழுந்துவிட்டார். ஓரடி வைத்துவிட்டார்.

டங்.

இரும்பின் மேல் இரும்பு. பின் ஆடின சத்தமில்லை, அது மொண்ணையாக இருக்கும், இது கோயில் மணியைக் கல்லால் தட்டினது போலக் கணீரென்று இருந்தது. கிணற்று மூலையிலிருந்துதான் வந்தது. ஒரு நிமிசம் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி டங் என்றது, இந்த முறை நிதானமாக, கேட்டுச்சுங்களா என்று கேட்பது போல. சிறுத்துப்போன இடுப்புள்ள அந்தப் பழைய பின்னைக் கையில் வைத்துக்கொண்டு மட்கார்டைத் தட்டுகிறாள் என்று அப்போதுதான் விளங்கியது. போன தைக்குத்தான் அந்த மட்கார்டுக்குப் பெயிண்ட் அடித்தது, முழுக்க உதிர்த்துவிடுவாளே பாவி என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே பின்னால் கையைத் துழாவிக் கல்லில் உட்கார்ந்தார், பிடித்திருந்த மூச்சை விட்டார், விட்டதில் கண் நனைந்துவிட்டது, அந்தக் கண்ணுக்கு அதுவாவது முடிகிறதே. பிறகுதான் ஞாபகம் வந்து, சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். நன்றாகவே திருப்பினார், தோளோடு சேர்த்து. அங்கிருந்து அவளுக்குத் தெரியும்.